ஜெய்சல்மேருக்கு டிசம்பரில் போங்கள்

நம் சிங்கப்பூரின் ஜூன் பள்ளி விடுமுறையில், ராஜஸ்தானின் பாலைவன நகரமான ஜெய்சல்மேர் வேண்டாம். வெயில் 45 டிகிரியைத் தொடும். ஆண்டிறுதி விடுமுறைதான் தோது. பகலில் 25 டிகிரிபோல இதமாக இருக்கும், இரவில் 10-க்குக் கீழே இறங்கும். ஸ்வெட்டரும் காதை மூடும் குல்லாவும் கட்டாயம். நம் மூன்று முனை பிளக் அங்கே பொருந்தாது, அடாப்டர் எடுத்துக்கொள்ளுங்கள். ஜோத்பூர் வரை விமானம், பிறகு காரில் ஐந்து மணி நேரம்.

1156-இல் ராவல் ஜெய்சல் எழுப்பிய மஞ்சள் மணற்கல் கோட்டைக்குள் இன்றும் குடும்பங்கள் வாழ்கின்றன. ஆனால் அங்கே அறை எடுக்காதீர்கள். ஒரு காலத்தில் கடிசர் ஏரியிலிருந்து குடத்தில் சுமந்த தண்ணீர்தான் கோட்டைக்கு, சிந்தாமல் செலவழித்தார்கள். குழாய் வந்தபின் விடுதிகளின் கழிவுநீர் குன்றுக்குள் கசிந்து, அடிமண் இளகி, கொத்தளங்கள் சில சரிந்தன. கீழே ஊருக்குள் தங்கி, காலையில் ஏறிப் போய்ப் பாருங்கள். உள்ளே இருக்கும் சமணக் கோயில்களில் தோல் பொருளுக்கு அனுமதி இல்லை. பெல்ட், பர்ஸ் எல்லாவற்றையும் அறையிலேயே வைத்துவிடுங்கள். பட்வா ஹவேலி என்ற பழைய வணிகர் மாளிகையின் கல் சாளரங்களுக்கு நிதானமாக ஒரு மணி நேரம் ஒதுக்கலாம்.

மணற்குன்றுகளுக்கு சாம், குரி என இரண்டு இடங்கள். சாமில் ஜீப்பும் ஒலிபெருக்கியும் அதிகம். குரி அமைதியானது, என் தேர்வு அதுதான். ஒட்டகம் எழும்போது பின்னங்காலை முதலில் உயர்த்தும், உட்காரும்போது முன்னங்காலை முதலில் மடக்கும். இரண்டு முறையும் ஆள் முன்னால் சாய்வார், ஆகவே உடலைப் பின்னுக்குச் சாய்த்துச் சேணத்தை இறுகப் பிடியுங்கள். அரைக்கால் சட்டை போட்டால் தொடை உரசிப் புண்ணாகும். முதல் தடவைக்கு ஒன்றரை மணி நேரமே போதும். இங்கே போல வியர்வை சட்டையை நனைக்காது, வந்த வேகத்தில் காய்ந்துவிடும். அதனால் தாகம் தெரியாமலே உடல் வறண்டு தலை வலிக்கும். தாகத்துக்குக் காத்திராமல் அடிக்கடி இரண்டு வாய் குடியுங்கள். மணலில் நின்று கேமரா லென்ஸை மாற்றாதீர்கள்.

மணற்குன்றருகே தங்கக் கூடாரம் முன்பதிவு செய்யும்போதே, மாங்கணியார் என்ற பரம்பரை இசைக் கலைஞர்கள் கமைச்சா வாசிப்பார்களா என்று கேளுங்கள். மாமரத்தைக் குடைந்து ஆட்டுத்தோல் போர்த்திய வில் வாத்தியம் அது. கூடவே வரும் மோர்சங் நம் கச்சேரி மோர்சிங்கின் உடன்பிறப்பு. ஒலிபெருக்கியை அணைக்கச் சொல்லிவிட்டுக் கேளுங்கள். அன்பளிப்பைக் கலைஞர் கையிலேயே கொடுங்கள்.