‘பென்’ என்றார், ‘பின்’ என்று எழுதினேன்

ஆங்கிலத் திறனைச் சோதிக்கும் ஐஇஎல்டிஎஸ் தேர்வின் மாதிரி ஒன்றில் நான் சறுக்கியது ஒரே ஓர் எழுத்தில். ஒலிப்பதிவில் ஓர் ஆஸ்திரேலியப் பெண் தன் குடும்பப் பெயரை எழுத்தெழுத்தாகச் சொன்னார். ‘ஐ’ என்று காதில் விழுந்தது, எழுதினேன். விடையில் ‘ஏ’ இருந்தது. திரும்பப் போட்டுக் கேட்டேன், அப்போதும் ‘ஐ’தான்! மதிப்பெண் போனதைவிட அந்த எரிச்சல்தான் பெரிது.

அசல் தேர்வின் கேட்டல் பகுதியில் திரும்பப் போட்டுக் கேட்கவும் வழியில்லை. சுமார் 30 நிமிடம், 40 கேள்விகள். ஒலிப்பதிவு ஒருமுறைதான் ஓடும். பிரிட்டன், ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, அமெரிக்கா, கனடா என்று எந்த நாட்டுக் குரலும் வரலாம்.

அதுவரை வேகத்தின் மேல்தான் பழி போட்டுக்கொண்டிருந்தேன். உண்மையில் தடுமாற வைப்பது, ஒலிகள் இடம் மாறுவது. நல்லவேளையாக, அவை ஓர் ஒழுங்கோடு மாறுகின்றன. ஆஸ்திரேலியரின் ‘டே’ ‘டை’யை நெருங்கினால், ‘மெயில்’ என்பதும் ‘மைல்’ பக்கம் சாயும். நியூசிலாந்தில் ‘பென்’ ‘பின்’ ஆனால் ‘டென்’ ‘டின்’ ஆகும். இங்கிலாந்தின் வடபகுதியில் ‘பஸ்’ ‘புஸ்’ ஆகிவிடும். அமெரிக்கர் ‘வாட்டர்’ என்பதை ‘வாடர்’ என்பார். நம் ‘பாட்டு’க்கும் ‘பாடு’க்கும் உள்ள வித்தியாசம்தான். ‘கேன்’, ‘கேன்ட்’ இரண்டில் எதைச் சொன்னார் என்று குழம்பினால் ‘ட்’டைத் தேடாதீர்கள், அதை அவர்கள் பெரும்பாலும் விழுங்கிவிடுவார்கள். உடன்பாட்டில் ‘கன்’ என்று தேய்ந்து போகும். எதிர்மறையில் சொல் முழுதாக, அழுத்தமாக நிற்கும்.

பயிற்சிக்கு ஒரு நிமிட ஒலிப்பதிவே தாராளம். எழுத்து வடிவம் இருப்பதாகப் பார்த்து எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் சும்மா கேட்பேன், பிறகு நிறுத்தி நிறுத்தி எழுதுவேன், அதன்பின்தான் ஒப்பிடுவேன். நோட்டில் இரண்டு பத்திகள்: நான் கேட்டது, அவர் சொன்னது. நான்கைந்து நாளில் ஒரே வகைப் பிழை திரும்பத் திரும்ப வருவது கண்ணில் பட்டது. வசன வரிகளை ஓடவிட்டுப் படம் பார்ப்பதைப் பயிற்சிக் கணக்கில் சேர்க்காதீர்கள்; அங்கே உழைப்பது கண், காது அல்ல.

ஜார்ஜ் மேசன் பல்கலைக்கழகத்தின் இணையவழி உச்சரிப்புக் காப்பகத்தில் 69 சொற்கள் கொண்ட ஒரே பத்தியை உலகெங்கும் உள்ளவர்கள் வாசித்திருக்கிறார்கள். வாசகம் மனப்பாடமாகிவிடுவதால் மாறுவது ஒலி மட்டும்தான். லண்டன் குரலையும் நியூசிலாந்துக் குரலையும் அடுத்தடுத்துப் போட்டுப் பாருங்கள். வானொலி என்றால் செய்தியை விட்டுவிட்டு நேர்காணலுக்குப் போங்கள். செய்தி வாசிப்பவர்கள் நம்மைக் கெடுக்கும் அளவுக்குத் திருத்தமாகப் பேசுகிறார்கள்.

எண்களில் ஒரு பொறி உண்டு. ‘ஃபிஃப்டீன்’ (15) என்றால் அழுத்தம் கடைசியில் விழும், ‘ஃபிஃப்டி’ (50) என்றால் முதலில் விழும் என்று படித்திருப்போம். அடுத்து ஒரு பெயர்ச்சொல் வந்தால் ‘ஃபிஃப்டீன்’ அழுத்தமும் முன்னால் நகர்ந்துவிடும். கடைசி ‘ன்’ காதில் விழுகிறதா என்று கவனிப்பதே பாதுகாப்பு.

ஸ்காட்லாந்துக்காரர்கள் மட்டும் எனக்கு இன்னும் பிடிகொடுக்கவில்லை. கிளாஸ்கோ குரல் ஒன்றைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். அதில் ‘வாட்டர்’ நடுவிலுள்ள ‘ட்’ வாய்க்கே வராமல் தொண்டையில் நின்றுவிடுகிறது. நோட்டில் இடப்பக்கப் பத்தி மட்டும் நிரம்பிக்கொண்டிருக்கிறது.