பிக்கப்பில் கூலன்ட் எங்கே போகிறது?

மேட்டுப்பாளையம் மண்டியில் கேரட்டை இறக்கிவிட்டு, உர மூட்டையோடு கோத்தகிரிக்கு ஏறினால் பாதி வழியிலேயே டெம்பரேச்சர் முள் எகிறுகிறது. மூன்று வாரமாக இதே தொல்லை. எஞ்சினைக் குளிர்விக்கும் கூலன்ட் குறைகிறது, ஆனால் வண்டி நின்ற இடத்தில் ஒரு சொட்டு ஈரம்கூட இல்லை.

ஹெட் கேஸ்கெட் (எஞ்சின் பிளாக்குக்கும் ஹெட்டுக்கும் நடுவில் இருக்கும் சீல்) போயிருக்கும், எஞ்சினைப் பிரிக்கணும் என்றார் ஒரு மெக்கானிக். எனக்கு மனசு ஒப்பவில்லை. அது போனால் கூலன்ட் எஞ்சினுக்குள் கசியலாம், ஆனால் ஆயில் பால் கலந்த மாதிரி இல்லை, சைலன்சரில் வெள்ளைப் புகையும் இல்லை.

அப்புறம் தெரிந்த அண்ணன் ஒருவர், எஞ்சின் நன்றாக ஆறியபின் ரேடியேட்டர் மூடியைக் கழற்றி, காற்றடித்துக் கசிவைப் பார்க்கும் பிரஷர் டெஸ்டரை மாட்டி, மூடியில் போட்டிருந்த 0.9 பார் வரை அடித்தார். டெஸ்டர் முள் மெதுவாக இறங்கியது, அப்படியென்றால் எங்கோ கசிகிறது. டார்ச் அடித்துப் பார்த்தால், வாட்டர் பம்புக்கு அடியில் இருக்கும் சின்ன ஓட்டையில் பச்சையாக ஒரு சொட்டு திரண்டு நிற்கிறது, சுற்றிலும் உப்புப் பூத்த மாதிரி காய்ந்த படலம். உள்ளே சீல் தேய்ந்தால் தண்ணீர் பேரிங்குக்குள் போகாமல் வெளியே வரத்தான் அந்த ஓட்டையே. ஓடும்போது சூட்டில் காய்ந்துவிடுவதால் தரைக்கு வரவில்லை.

மலையில் வண்டி ஓட்டுகிறவர்கள் இதைத் தள்ளிப்போடாதீர்கள். ஊட்டி உயரத்தில் தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். பிரஷர் இருந்தால்தான் கொதிக்கும் சூடு ஏறும்; கசிவால் அது நிற்காவிட்டால் எஞ்சினுக்குள்ளும் அதே கதைதான்.

பம்பையும் பெல்ட்டையும் மாற்றியாச்சு. நேற்று முழு பாரத்தோடு ஏறினேன், முள் நடுவிலேயே நின்றது.