பற்ற மறுத்த பெல்லட் கிரில்: ராடு, வோல்ட், ஈரம்

ஐப்பசி மழை பிடித்ததிலிருந்து பெல்லட் என்ற மரக் குச்சிகளை எரித்துச் சமைக்கும் எங்கள் பெல்லட் கிரில் பற்றவே மாட்டேன் என்றது. சுவிட்சைப் போட்டால் ஃபேன் சுற்றும், பெல்லட் விழும், கொஞ்சம் வெள்ளைப் புகை வரும். அவ்வளவுதான். பிறகு திரையில் எர்ரர் காட்டி நின்றுவிடும். மச்சான் அமெரிக்காவிலிருந்து வீட்டைக் காலி செய்து புதுச்சேரிக்கு வந்தபோது கொண்டுவந்த 120 வோல்ட் கிரில் இது. லாஸ்பேட்டை வீட்டு மாடியில், நம் ஊர் வோல்ட்டைக் குறைத்துத் தரும் ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வைத்து ஓட்டுகிறோம். “ராடுதான் போயிருக்கும் மாப்ள, புதுசு வரவழைச்சுடலாம்” என்றார் அவர். ராடு என்பது கரண்டில் சிவந்து பெல்லட்டைப் பற்றவைக்கும் கம்பி. அளந்து பார்க்காமல் பாகம் வாங்க எனக்கு மனம் வரவில்லை.

முதலில் நெருப்புக் கிண்ணத்தைக் காலி செய்தேன். இதை யாரும் தவிர்க்கக் கூடாது. பற்றாமல் போன ஒவ்வொரு முறையும் எரியாத பெல்லட் உள்ளே சேர்கிறது. அப்படியே மறுபடி சுவிட்சைப் போட்டால் குவியல் முழுவதும் ஒரே நேரத்தில் பிடித்து, மூடியைத் தூக்கி அடிக்கும் அளவுக்கு வெடிக்கலாம். கிண்ணத்தின் காற்றுத் துளைகளில் அடைத்திருந்த சாம்பலையும் சுரண்டி எடுத்தேன்.

அடுத்து ராடு. பிளக்கை உருவிவிட்டு அதன் இரண்டு ஒயர்களையும் கழற்றி மல்டிமீட்டரில் வைத்தேன். 120 வோல்ட்டில் 200 வாட் ராடு என்றால் 72 ஓம் காட்ட வேண்டும். 71 காட்டியது. ராடு நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ஓடவிட்டுப் பார்த்தபோது நுனி மங்கலாகத்தான் சிவந்தது.

அப்படியென்றால் கரண்ட் சரியாக வரவில்லை. டிரான்ஸ்ஃபார்மரில் சும்மா அளந்தால் 118 வோல்ட். ராடு, ஃபேன், பெல்லட்டைக் கிண்ணத்துக்குத் தள்ளும் திருகான ஆகர் மூன்றும் ஓடும்போது 101. வோல்ட் குறைந்தால் வாட் அதைவிட வேகமாகக் குறையும். 101 வோல்ட்டில் அந்த ராடு தருவது 142 வாட் மட்டுமே. கோடையில் காய்ந்த பெல்லட்டுக்கு அது போதுமாக இருந்தது. மழையில் போதவில்லை.

பெல்லட் என்பது மரத்தூளை அழுத்திச் செய்த குச்சி. கடற்கரை ஊர்க் காற்றில் திறந்து வைத்தால் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். நல்லதை ஒடித்தால் முறுக்கு மாதிரி சடக்கென்று உடையும். ஹாப்பரில், அதாவது பெல்லட் கொட்டிவைக்கும் தொட்டியில், கிடந்ததை ஒடித்தேன், சத்தமே இல்லாமல் பிய்ந்தது. ஊதி உதிர்ந்ததை வெயிலில் காயவைத்தாலும் தூள் தூள்தான், ஆகரில் போய் அடைத்துக்கொள்ளும். எல்லாவற்றையும் கொட்டிவிட்டுப் புது மூட்டையைப் பிரித்து, இறுக்க மூடும் டிரம்மில் போட்டேன். இப்போது சமையல் முடிந்ததும் ஹாப்பரைக் காலி செய்துவிடுகிறேன்.

வைண்டிங் கடையில் 1000 வி.ஏ. டிரான்ஸ்ஃபார்மர் ஒன்று சுற்றச் சொன்னேன், 110, 120 என இரண்டு முனைகளோடு. 120-ல் போட்டதும் ராடு பளிச்சென்று சிவந்து பெல்லட் உடனே பிடித்தது. மச்சானுக்கு ஒரே சந்தோஷம். ஆனால் நீண்ட நேரம் ஓடியபின் ஆகர் மோட்டாரைத் தொட்டால் கை சுட்டது. இது 60 ஹெர்ட்ஸுக்குச் செய்த ஏ.சி. மோட்டார், நம் ஊர் கரண்டோ 50 ஹெர்ட்ஸ். ஹெர்ட்ஸ் குறையும்போது வோல்ட்டும் அதே அளவில் குறைய வேண்டும். அந்தக் கணக்கில் 120-க்குப் பதில் 100 வோல்ட்தான் அந்த மோட்டாருக்குச் சுகம். பழைய டிரான்ஸ்ஃபார்மரின் 101 வோல்ட் ராடுக்குப் பட்டினி போட்டாலும் மோட்டாரைக் காப்பாற்றியிருக்கிறது!

அதனால் இப்போது 110-ல் ஓட்டுகிறேன். ராடு 168 வாட் தருகிறது. காய்ந்த பெல்லட் என்றால் தடையில்லாமல் பிடிக்கிறது. 50 ஹெர்ட்ஸில் ஆகரும் மெதுவாகத்தான் சுற்றும்: நிமிடத்துக்கு 2 சுற்று என்று எழுதியிருந்தாலும் ஒரு சுற்றுக்கு 30 நொடிக்குப் பதில் 36 ஆகிறது. அதை ஈடுகட்ட, சுவிட்சைப் போடும் முன் ஒரு சிறு கைப்பிடி பெல்லட்டை ராடு நுனியில் நானே வைக்கிறேன். பெரிய மார்க்கெட்டில் வாங்கிய வஞ்சிரத்தை 110 டிகிரி செல்சியஸில் புகைத்தோம், நடுவில் ஒருமுறைகூட அணையவில்லை.

அடுத்து, ராடுக்கு மட்டும் 120 முனையிலிருந்து தனியாக ரிலே (கரண்டால் இயங்கும் சுவிட்ச்) வழியே கொடுத்துப் பார்க்க வேண்டும்.