பூவரசு நட்ட கதை

செப்டம்பர் 14, தொண்டி
கொல்லைக்கு நிழல் வேண்டும். வேம்பு வை என்கிறாள் அம்மா. எனக்குப் பூவரசுதான், உப்புக்காற்றைச் சட்டை செய்யாத மரம். கரையோரம் கறுத்துக் காய்ந்த காய்களைப் பொறுக்கி வந்தேன். பாதிக் காயில் சிவப்புப் பூச்சி புகுந்து விதையை உறிஞ்சிச் சக்கையாக்கியிருந்தது. பருத்தியில் வருகிற பூச்சிதான். பூவரசும் பருத்திக் குடும்பமாயிற்றே. தேறியது 23 விதை.

செப்டம்பர் 15
பழக்கதோஷத்தில் விதைகளைத் தண்ணீரில் போட்டு, மிதப்பதைச் சொத்தை என்று கொட்டப் போனேன். அத்தனையும் மிதந்தது. அப்புறம்தான் உறைத்தது. கடலில் மிதந்து போய் வேறு கரையில் முளைக்கிற சாதி இது, மிதக்காமல் என்ன செய்யும்? பதினெட்டை உப்புத்தாளில் லேசாகத் தேய்த்தேன், ஐந்தைச் சும்மா விட்டேன். ராத்திரி முழுக்க ஊறட்டும்.

செப்டம்பர் 29
தேய்த்ததில் 9 முளைப்பு. தேய்க்காததில் ஒன்றுமில்லை.

அக்டோபர் 20
நல்ல மழை. தச்சர் மாமா பூவரசில் மூன்று போத்து, அதாவது ஊன்றி வளர்க்கிற கிளைக்கட்டை, வெட்டித் தந்தார். கைத் தடிமன், ஆறடி நீளம்; ஆட்டுக்கு எட்டாது. அடியில் சாய்வாக ஒரே வெட்டு, பட்டை கிழியக் கூடாது. உச்சி காயாமலிருக்கச் சாணி உருண்டை. ஒன்றரை அடிக் குழியில் இறக்கி மண்ணை நன்றாக மிதித்தோம்.

“அப்போ விதைக்கன்னு எதுக்கு மாமா?”

“நெட்டுக்க மரம் வேணும்னா விதைதான் மாப்ள. போத்து சீக்கிரமே கவைச்சுப் போயிரும். நெழலுக்கு ஆகும், பலகைக்கு ஆகாது.”

நவம்பர் 9
மூன்றிலும் தளிர்! மாமாவைக் கூட்டிவந்து காட்டினேன். அவர் சிரிக்கவில்லை. “கட்டைக்குள்ள இருக்க சத்துல வர்ற தளிரு. வேர் விட்டுச்சான்னு அது சொல்லாது. ஆட்டிக் கீட்டிப் பாக்காதீக.”

நவம்பர் 21
ஒரு போத்தை ஆட்டிப் பார்த்தேன். கையோடு வந்துவிட்டது. அடியில் வெள்ளையாகச் சின்னச் சின்ன முண்டுகள், வேர் என்று சொல்ல ஒன்றும் இல்லை. அவசரமாகத் திரும்ப ஊன்றி மண்ணை மிதித்தேன். மாமாவிடம் சொல்லவில்லை.

டிசம்பர் 8
பிடுங்கிய போத்து கருகிவிட்டது. மற்ற இரண்டும் முதல் தளிரோடு கொஞ்ச நாள் சும்மா நின்றுவிட்டு, இப்போது புதிதாக இலை விடுகின்றன. கை வைக்கவில்லை. விதைக்கன்றில் இரண்டை ஆடு மேய்ந்துவிட்டது, மிச்சம் ஏழு. போத்தில் விரிந்த முதல் பெரிய இலையைப் பக்கத்து வீட்டுப் பையன் பறித்துச் சுருட்டி, திண்ணையில் உட்கார்ந்து பீப்பி ஊதிக்கொண்டிருக்கிறான்.