எந்த லேப்டாப் உழைக்கும்? எந்தக் கம்பெனி சர்வீஸ் தேவலை?

டெல்லா, எச்பியா, லெனோவோவா என்று மொட்டையாகக் கேட்டால் பதில் கிடையாது. ஒரே கம்பெனி நாற்பதாயிரத்துக்கும் ஒன்று விற்கிறது, ஒன்றரை லட்சத்துக்கும் ஒன்று விற்கிறது. மூடியில் உள்ள பெயரைத் தவிர இரண்டுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

பிராண்ட் வாரியாகப் பழுதை எண்ணிப் பார்த்தவர்களும் உண்டு. ஸ்கொயர்டிரேட் என்ற அமெரிக்க வாரண்டி நிறுவனம் 2009இல் 30,000 லேப்டாப்களை வைத்து ஒரு கணக்கு வெளியிட்டது. மூன்றாண்டுக்குள் பழுதாகும் விகிதம் ஏசுஸில் 15.6 சதவீதம், கடைசியில் நின்ற எச்பியில் 25.6. பழைய கணக்குதான், அதில் இரண்டாவதாக வந்த டோஷிபா லேப்டாப் தொழிலையே விட்டுப் போய்விட்டது. ஆனாலும் முதலிடம் பிடித்த கம்பெனியிலேயே ஏறத்தாழ ஆறில் ஒன்று பழுது. கீழே போட்டதும் காபி கொட்டியதும் இதில் சேரவில்லை. பழுதே ஆகாத பிராண்டைத் தேடி அலைவதைவிட, பழுதானால் லேசில் சரிசெய்ய முடிகிற மெஷினைத் தேடுவதே புத்திசாலித்தனம்.

அங்கேதான் மாடல் வரிசை (சீரிஸ்) முக்கியமாகிறது. லெனோவோவில் திங்க்பேட், எச்பியில் எலைட்புக், ப்ரோபுக், டெல்லில் லாட்டிட்யூட் (2025 முதல் டெல் ப்ரோ என்று பெயர்) ஆகியவை அலுவலகங்களுக்காகச் செய்யப்படுபவை. ஐடியாபேட், பெவிலியன், இன்ஸ்பிரான் எல்லாம் வீட்டு உபயோக வரிசை. மூன்று இடங்களில் வித்தியாசம் தெரியும்.

முதலில் கீல். விலை குறைந்த மாடல்களில் இரும்புக் கீலின் ஸ்க்ரூக்கள் பிளாஸ்டிக்கில் பதித்த சிறு பித்தளை மரைகளில் ஏறுகின்றன. நாளாக ஆகக் கீல் இறுகும், பிளாஸ்டிக் தளரும். மூடியை ஒரு மூலையைப் பிடித்துத் தூக்கினால் அந்தப் பக்கத்து மரை பெயர்ந்து வரும். திறக்கும்போது கீழ்ப்பாகம் கீல் அருகில் வாய் பிளந்தால் அதுதான் முதல் அறிகுறி. அன்றைக்கே போட்டோ எடுத்துப் புகார் பதியுங்கள். முழுக்க உடைந்த பிறகு போனால் 'பிசிக்கல் டேமேஜ்' என்று எழுதி வாரண்டியை மறுப்பார்கள். இந்த விஷயத்தில் எல்லாக் கம்பெனியும் ஒரே குட்டையில் ஊறின மட்டைதான்.

அடுத்தது கீபோர்டு. அலுவலக வரிசையில் பெரும்பாலும் தனியாகக் கழற்றி மாற்றலாம். வீட்டு வரிசையில் பலவற்றில் பிளாஸ்டிக் முளைகளை உருக்கி மேல்மூடியோடு ஒட்டியிருப்பார்கள். நாலு கீ வேலை செய்யாவிட்டாலும் மேல்மூடி மொத்தமும் மாற்ற வேண்டியதுதான்.

மூன்றாவது சார்ஜிங் ஜாக். ஒயரோடு தனியாக வரும் ஜாக் என்றால் சில நூறு ரூபாயில் முடியும். யுஎஸ்பி-சி போர்ட்டை மதர்போர்டு என்ற முதன்மைப் பலகையிலேயே பற்றவைத்து (சால்டர் செய்து) இருந்தால், சர்வீஸ் சென்டர் போர்டையே மாற்றச் சொல்லும். டெல்லின் உருளை முனை அடாப்டரில் நடுவே ஒரு மெல்லிய பின் இருக்கும். அடாப்டர் எத்தனை வாட் என்று லேப்டாப்புக்குச் சொல்வது அதுதான். பின் வளைந்தாலோ போலி அடாப்டர் போட்டாலோ மெஷின் ஓடும், பேட்டரி ஏறாது, வேகமும் குறையும். பேட்டரி போய்விட்டது என்று நினைத்துப் புதுசு வாங்குபவர்கள் உண்டு.

இதையெல்லாம் வாங்கும் முன்பே பார்த்துவிடலாம். மாடல் பெயரோடு சர்வீஸ் மேனுவல் என்று தேடினால் டெல், எச்பி, லெனோவோ மூன்றும் கழற்றும் முறையைப் படத்தோடு இலவசமாகத் தருகின்றன. ரேம் சால்டர் செய்ததா, எஸ்எஸ்டி மாற்ற முடியுமா, பேட்டரி ஸ்க்ரூவில் நிற்கிறதா, எல்லாம் அதில் இருக்கும். கடைக்காரர் வாய்ச்சொல் வேண்டாம்.

இனி வாடிக்கையாளர் சேவை. பிராண்டைவிட வாரண்டி வகைதான் அதைத் தீர்மானிக்கிறது. 'கேரி-இன்' என்றால் நீங்கள் தூக்கிக்கொண்டு போக வேண்டும். 'ஆன்சைட்' என்றால் ஆள் வருவார். 'நெக்ஸ்ட் பிசினஸ் டே' என்று போட்டிருந்தால், புகார் சொன்ன மறுநாள் என்று நினைக்காதீர்கள்; போனில் சோதனை முடித்து, பார்ட் கையிருப்பில் இருந்து அனுப்பிய பிறகே அந்தக் கணக்கு ஓடும். வருகிறவரும் பெரும்பாலும் ஒப்பந்த நிறுவனத்தின் ஆள். சென்னையில் கிடைக்கும் வேகம் தேனியிலோ ராமநாதபுரத்திலோ கிடைக்குமா என்பதை உங்கள் பின்கோடு சொல்லி முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். மூன்று வருட வாரண்டி எடுத்தாலும் பேட்டரிக்குப் பெரும்பாலும் ஒரு வருடம்தான். கடையில் விற்கும் 'எக்ஸ்டெண்டட் வாரண்டி' பல நேரம் வேறொரு நிறுவனத்தின் திட்டம். கம்பெனி தளத்தில் சீரியல் நம்பரைப் போட்டுத் தேதி நீண்டிருக்கிறதா என்று பாருங்கள்.

என்னைக் கேட்டால், அதே பணத்தில் ஒரு படி குறைந்த பிராசசரும் மூன்று வருட ஆன்சைட்டும் வாங்குவேன்.

புகார் சொல்லும் முன் உள்ளேயே இருக்கும் சோதனையை ஓட்டுங்கள்: ஆன் செய்ததும் டெல்லில் எஃப்12, எச்பியில் எஃப்2. பழுது இருந்தால் ஒரு குறியீடு வரும். அதைச் சொன்னால் 'விண்டோஸை ரீஇன்ஸ்டால் பண்ணுங்க' என்ற பாட்டைப் பாதி தவிர்க்கலாம். மெஷினைக் கொடுக்கும் முன் பேக்கப் எடுங்கள். டிஸ்க்கைப் பூட்டிவைக்கும் விண்டோஸ் வசதியான பிட்லாக்கரின் 48 இலக்க ரெகவரி கீயையும் எழுதி வையுங்கள். மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்தாலே பல லேப்டாப்களில் டிஸ்க் தானாகப் பூட்டிக்கொள்கிறது. மதர்போர்டு மாறினால் அந்தப் பூட்டின் சாவியைக் காக்கும் பழைய டிபிஎம் சிப்பும் போய்விடும். கீ இல்லையென்றால் எஸ்எஸ்டி நன்றாக இருந்தும் உள்ளே இருப்பதைத் தொட முடியாது. போர்டு மாற்றிய பிறகு பயாஸில் (விண்டோஸ் தொடங்கும் முன் திறக்கும் அமைப்புத் திரை) காட்டும் சீரியல் நம்பரும் அடியில் உள்ள ஸ்டிக்கரும் ஒன்றா என்று அந்த ஆள் கிளம்பும் முன் பாருங்கள். இழுத்தடித்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. பில்லும் புகார் எண்ணும் கையில் இருக்கட்டும்.

கையில் காசு குறைவு என்றால் சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் கிடைக்கும் பழைய திங்க்பேட், லாட்டிட்யூட் மோசமில்லை. ஆனால் பணம் கொடுக்கும் முன் பயாஸுக்குள் நுழைந்து பாருங்கள். பாஸ்வேர்டு கேட்டால் வைத்துவிட்டு வந்துவிடுங்கள். திங்க்பேட்டில் பயாஸைப் பூட்டும் சூப்பர்வைசர் பாஸ்வேர்டு தெரியாவிட்டால் போர்டையே மாற்ற வேண்டும் என்பதுதான் லெனோவோ சொல்லும் வழி.