யோஷிதாங்கற பேரு யாரோடது?

ஜப்பான் மரக்கட்டை பிரின்ட் பக்கம் கொஞ்சம் போனவங்களுக்குக் கூட யோஷிதா ஹிரோஷி தெரிஞ்சிருக்கும், மலை, படகு, பனி, தாஜ்மஹால்னு போட்டவரு, நம்ம மதுரை கோயிலைக் கூட 1931ல ஒரு பிரின்ட்டா பண்ணியிருக்காரு. அவரு மனைவி ஃபுஜியோவும் ஆர்ட்டிஸ்ட்னு சொன்னாதான் "ஓ அப்படியா"ம்பாங்க.

இதுல என்ன கடுப்புன்னா அந்தப் பேரே ஃபுஜியோ வீட்டுப் பேருங்க. அவங்க அப்பா யோஷிதா கசபுரோ ஓவியர், ஃபுகுவோகால டிராயிங் வாத்தியார், தன்கிட்ட படிச்ச பையன் நல்லா வரையறானேன்னு ஹிரோஷியை தத்தெடுத்துக்கிட்டாரு. 1887ல பொறந்த ஃபுஜியோ அந்த வீட்டுப் பொண்ணு. 1903 கடைசியில, பதினாறு வயசுல, ஹிரோஷியோட அமெரிக்கா கிளம்பிப் போயி ரெண்டு பேருமா வாட்டர்கலர் படங்களை கண்காட்சி வச்சு வித்து, 1907ல ஊர் திரும்பி அவரையே கல்யாணம் பண்ணிக்கிட்டாங்க.

அப்புறம் வழக்கமான கதைதான். மூத்த பொண்ணு சின்ன வயசுலயே போயிடுச்சு, மகன் தோஷிக்கு குழந்தையிலயே ஒரு கால் செயலிழந்துடுச்சு, வரையறது கொஞ்ச காலம் அப்படியே நின்னுபோச்சு. ஆனாலும் 1918ல பெண் ஓவியர்களுக்குன்னு ஷுயோகாய் அமைப்பு ஆரம்பிச்சப்ப அதுல இருந்தாங்க.

எனக்குப் பிடிச்ச கட்டம் இதுக்கப்புறம்தான் வருது. 1950ல ஹிரோஷி இறந்துட்டாரு. 1953, 54 வாக்குல, அறுபத்தஞ்சு வயசு தாண்டின இந்தம்மா மரக்கட்டை பிரின்ட்ல பூக்கள் போடுறாங்க, அதுவும் எப்படி! 'ரெட் கானா'ன்னு 1954ல ஒண்ணு, கல்வாழைப் பூ. ஜாடி கிடையாது, தோட்டம் கிடையாது, பூவோட உள்பக்கத்துக்கே போயி நின்னு பாத்த மாதிரி இதழ்களோட வளைவே பேப்பர் பூரா அடைச்சுக்கிட்டு நிக்குது. பூன்னு தெரிய ஒரு நிமிஷம் ஆகும். வாட்டர்கலர்னா பிரஷ்லயே நிறத்தைக் கரைச்சு விட்டுடலாம், இங்க நிறத்துக்கு நிறம் தனியா கட்டை செதுக்கணும், ஒவ்வொரு தடவையும் பேப்பரை கட்டையோட மூலைல இருக்குற கென்தோங்கிற அடையாள வெட்டுல சரியா பொருத்தி வச்சு, பின்னாடி பாரென்னுங்கிற தட்டையான தேய்ப்பு வட்டால தேய்ச்சு எடுக்கணும், ஒரு மயிரிழை நகர்ந்தாலும் விளிம்பு பிசகிடும். நிறம் மெல்ல மங்கிப்போற மாதிரி வரணும்னா கட்டைலயே மையை ஈரத்தோட தடவி இழைச்சு விடணும்.

பலரும் இதை அமெரிக்க ஓவியர் ஜார்ஜியா ஓ'கீஃப் வரைஞ்ச பூக்களோட ஒப்பிடுவாங்க. பாத்த உடனே தோணுறதுதான், ஆனா எனக்கு அது பாதிதான் சரின்னு படுது, கட்டைல அச்சடிச்ச நிறத்துக்கு இருக்குற அந்தத் தட்டையான அழுத்தம் ஆயில் பெயின்ட்ல வராது. ஹிரோஷி ரசிகர்கள் சண்டைக்கு வருவாங்கதான், இருந்தாலும் சொல்றேன், அவரோட அழகழகான மலைகளை விட இந்தப் பூக்கள்ல துணிச்சல் அதிகம்.

1987 வரைக்கும் இருந்தாங்க. மருமக சிசுகோ, பேத்தி அயோமின்னு அந்த வீட்டுப் பொம்பளைங்க பிரின்ட்டை விடவே இல்ல, சிசுகோவைப் பத்தி தனியாவே ஒரு போஸ்ட் எழுதணும்.