மோட்டார் டிரைவர்: வாங்குவதா, செய்வதா?

செப்டம்பர் 4
போட்டிக்காக, தரையிலுள்ள கறுப்புக் கோட்டைப் பின்தொடரும் ரோபோ. குழுவில் நான்கு பேர், இரண்டு கட்சி. கட்டளைக்கு ஏற்ப மோட்டாருக்கு மின்சாரம் தரும் சுற்றான மோட்டார் டிரைவரை வாங்கிவிடலாம் என்கிறேன் நான். "வாங்கிப் பூட்டினால் அதில் நாம் செய்தது என்ன?" என்கிறாள் தோழி. 1992-இல் தொடங்கிய, பள்ளி மாணவர்களுக்கான ஃபர்ஸ்ட் ரோபாட்டிக்ஸ் போட்டியிலேயே குழுக்களுக்கு உதிரிபாகத் தொகுப்பு தருகிறார்களே என்று வாதாடினேன். அவள் மசியவில்லை. சக்கரத்தையும் கியர் மோட்டாரையும் வாங்குவதில் மட்டும் சண்டை வரவில்லை.

செப்டம்பர் 7
கடையில் கிடைக்கும் எல்298என் என்ற மோட்டார் டிரைவர் மாட்யூலைப் பத்து நிமிடத்தில் இணைத்துவிட்டோம். ஓடியது, ஆனால் வேகமே இல்லை. மல்டிமீட்டரில் பார்த்தால் பேட்டரியில் 7.4 வோல்ட், மோட்டாரில் 5.6. சூட்டை வெளியேற்றும் உலோகத் தகடான ஹீட்சிங்க் சுடுகிறது. டேட்டாஷீட் படித்ததும் புரிந்தது: உள்ளே மின்சுவிட்சாக இருப்பவை பைபோலார் வகை டிரான்சிஸ்டர்கள். மோட்டாருக்கு மேலே ஒன்று, கீழே ஒன்று என மின்னோட்டம் இரண்டைக் கடக்கிறது. இரண்டும் சேர்ந்து 2 வோல்ட் அளவுக்கு விழுங்கிவிடுகின்றன. அந்த இழப்புதான் சூடு.

செப்டம்பர் 11
நான்கு மாஸ்ஃபெட் (குறைவாக வோல்ட் விழுங்கும் இன்னொரு வகை டிரான்சிஸ்டர்) வைத்து, மோட்டாரை இரு திசையிலும் சுழற்றும் எச்-பிரிட்ஜ் சுற்றை நாங்களே போட்டோம். மேலே இரண்டு பி-சேனல், கீழே இரண்டு என்-சேனல். மின்சாரம் கொடுத்ததும் புகை.

செப்டம்பர் 12
நாள் முழுக்க இதே வேலை. ரோபோவை இயக்கும் சின்னக் கணினிப் போர்டான ஆர்டுயினோவின் பின் தருவது 5 வோல்ட். மேல் மாஸ்ஃபெட்டில் பேட்டரியோடு சேரும் காலான சோர்ஸிலோ 7.4. கட்டளை பெறும் காலான கேட்டும் அதே அளவுக்கு ஏறினால்தான் அது அணையும். கேட்டுக்கு 5 கொடுத்து அணைத்துவிட்டோம் என்று நம்பியிருந்தோம். மீதி 2.4 வோல்ட் அதை அரைகுறையாகத் திறந்தே வைத்திருந்தது. கீழ் மாஸ்ஃபெட்டும் திறந்ததும் பேட்டரியின் இரு முனைகளும் நேராகச் சேர்ந்துவிட்டன. கேட்டிலிருந்து பேட்டரிக்கு ஒரு 10 கிலோ ஓம் மின்தடை, கேட்டைக் கீழே இழுக்க ஒரு சின்ன என்பிஎன் டிரான்சிஸ்டர். சரியாகிவிட்டது. திசை மாறும்போது நான்கும் கணநேரம் அணைந்திருக்க நிரலில் ஓர் இடைவெளியும் வைத்தோம். மாட்யூலோடு நின்றிருந்தால், வேகம் போதவில்லை என்று நான் பெரிய பேட்டரிதான் தேடியிருப்பேன்.

செப்டம்பர் 19
எங்கள் போர்டு போட்டிக்குப் போகாது. அதிர்வில் வயர்கள் கழன்றுகொண்டே இருக்கின்றன. மறுபடி சாலிடர் வைத்து அலுத்துவிட்டோம். மாஸ்ஃபெட் உள்ள டிபி6612 மாட்யூலை வாங்கச் சொன்னவளே தோழிதான். சேனலுக்கு 1.2 ஆம்பியர் தாங்கும். சக்கரத்தை அழுத்திப் பிடித்து மோட்டார் இழுப்பதை அளந்தோம், அதற்குள்தான் இருக்கிறது. நாங்கள் நிரலில் வைத்த இடைவெளியை அந்தச் சில்லு தானே பார்த்துக்கொள்கிறது. மோட்டாருக்கு இப்போது 7 வோல்ட்டுக்கு மேல் கிடைக்கிறது.

செப்டம்பர் 20
கோட்டைக் கண்டறியும் அகச்சிவப்பு சென்சார் வரிசை வந்தது. பெட்டியைப் பிரிக்கும் முன் ஒரு எல்இடி, ஒளியை உணரும் ஒரு போட்டோடிரான்சிஸ்டர், இரண்டு மின்தடை எடுத்து, சாலிடர் இல்லாமல் சுற்று போடும் பிரெட்போர்டில் செருகினேன். கறுப்புக் கோட்டின் மேல் எத்தனை வோல்ட், வெள்ளையில் எத்தனை என்று தோழி படிக்கப் படிக்க எழுதிக்கொண்டிருக்கிறேன்.